பெட்டி நிறையப் பச்சை

பெட்டியைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தபோது ஒரு சிவப்பு வில்லைகூட விழவில்லை.

சர்வே அதிகாரி பெட்டியை உலுக்கினார். அடியில் தட்டினார். உள்ளே கைவிட்டுத் துழாவினார். மேசை முழுக்கப் பச்சை. சில வில்லைகள் உருண்டு தரையில் விழுந்தன. அவையும் பச்சை.

"நூத்துக்கு நூறு திருப்தி," என்றார் கதவோரம் நின்ற மருந்தாளர். "சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே சார்?"

சர்வே அதிகாரி சந்தோஷப்படவில்லை. செல்போனை எடுத்துப் போலீசைக் கூப்பிட்டார்.

அது அரசு மருத்துவமனையின் எச்.ஐ.வி. சிகிச்சைப் பிரிவு. பெரிய கட்டடத்துக்குப் பின்னால், சலவைக் கூடத்தைத் தாண்டிய ஓட்டுக் கட்டடம். வாசலில் பெயர்ப் பலகை கிடையாது, ஒரு எண் மட்டும்தான். வருகிறவர்கள் அதைப் 'பின்கட்டு' என்பார்கள். பின்கட்டுக்குப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் யாருக்கும் புரியாது. அதுதான் அந்தப் பெயரின் வசதி.

இங்கே கிடைக்கும் சேவையில் நோயாளிகளுக்குத் திருப்தி உண்டா என்று தெரிந்துகொள்ளச் சுகாதாரத் துறை மூன்று நாள் சர்வே நடத்தியது. எழுதச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள், கையெழுத்துக்குப் பயம். அதனால் பிளாஸ்டிக் வில்லைகள். மாத்திரை வாங்கிக்கொண்டு வெளியே போகும் வழியில் ஒரு திரை. திரைக்குள் இரண்டு கிண்ணம், பூட்டிய தகரப் பெட்டி ஒன்று. திருப்தி என்றால் பச்சை வில்லை, குறை என்றால் சிவப்பு. எடுத்துத் துவாரத்தில் போட்டுவிட்டுப் போய்விடலாம்.

காலை ஒன்பது மணிக்குமேல் ஜீப் வந்து நின்றது. சப்-இன்ஸ்பெக்டர் இறங்கினாள். பின்னால் ஏட்டு.

ஸ்டேஷனில் அப்போது வேறு அதிகாரி இல்லாததால் இந்தப் புகார் அவள் தலையில் விழுந்திருந்தது. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டிருப்பார்கள்.

நேற்றும் அவள் இங்கே வந்திருந்தாள். அக்காவின் சேலையில், அக்காவின் மூக்குக் கண்ணாடியில், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வெளிக் கதவைப் பார்த்தபடி கிடக்கும் பெஞ்சில் காலை முழுவதும் உட்கார்ந்திருந்தாள். நான்கு வருடமாக மாதம் ஒருமுறை இப்படித்தான். போகும்போது திரைக்குள் நுழைந்து ஒரு சிவப்பு வில்லையைப் போட்டுவிட்டுப் போனாள்.

சிஸ்டர் எதிரே வந்தாள். சப்-இன்ஸ்பெக்டரின் கையில் ஊசி குத்தி எத்தனையோ முறை ரத்தம் எடுத்தவள். ஒரு நொடி நின்றாள். பிறகு, முன்பின் பார்த்திராதவளைப்போல, "வாங்க மேடம். டாக்டர் ரூம் இந்தப் பக்கம். வழி தெரியாதுல்ல, நான் கூட்டிட்டுப் போறேன்," என்றாள்.

ஏட்டுக்குக் கேட்கும்படி சொன்னாள். சப்-இன்ஸ்பெக்டர் தலையை மட்டும் அசைத்தாள்.

டாக்டரம்மாவின் அறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். பெட்டி மேசைமேல் இருந்தது. அதன் துவாரத்தில் நேற்று ஒட்டிய காகிதப் பட்டை கிழியாமல் இருந்தது. பூட்டும் சேதமில்லை.

"பட்டையில இருக்கறது உங்க கையெழுத்துதானா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் சர்வே அதிகாரியிடம் கேட்டாள்.

"என்னோடதுதான் மேடம். நேத்து சாயங்காலம் நானே ஒட்டினேன். டாக்டரோட இரும்பு பீரோல வெச்சுப் பூட்டினேன். பீரோ சாவி, பெட்டி சாவி ரெண்டும் என் பாக்கெட்லயே இருந்துச்சு. தூங்கும்போதுகூட."

"அப்ப யாரும் தொடல. ஏன் புகார் குடுத்தீங்க?"

"எப்படி மேடம் சிவப்பே இல்லாமப் போகும்? ரெண்டாவது நாளே கிண்ணத்துல சிவப்பு தீந்துபோச்சு. ஸ்டோர்ல ஒரு பை நிறைய சிவப்பு இருந்துச்சு, அதை அப்படியே கொண்டாந்து கொட்டினேன். நேத்து பாத்தா அதுலயும் பாதிக்கு மேல இல்ல. யாரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருப்பாங்க?"

"ஸ்டோர்ல இன்னும் வில்லை இருக்கா?"

"பச்சை இருக்கு. அந்தப் பை வேற கிழிஞ்சு தரையெல்லாம் கொட்டிருச்சு. காலியான சிவப்புப் பையில பாதிப் பச்சையை அள்ளிப் போட்டு வெச்சேன். என் தலையெழுத்து, குனிஞ்சு குனிஞ்சு பொறுக்கி இடுப்பே போச்சு."

"வேற என்ன இருக்கு ஸ்டோர்ல?"

"அடுத்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய இன்னொரு பெட்டி. இதே மாதிரி. காலிப் பெட்டி."

"நேத்து கடைசி பேஷண்ட் போனதுக்கப்புறம் உடனே பட்டை ஒட்டிட்டீங்களா?"

சர்வே அதிகாரி சற்றுத் தயங்கினார். "வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு. வெளிய போய்ப் பேசிட்டு, அப்படியே ஒரு டீ குடிச்சிட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான் ஒட்டினேன்."

"அந்த நேரத்துல கட்டடத்துக்குள்ள யார் இருந்தாங்க?"

"இவங்க நாலு பேர்தான்." டாக்டரம்மா, சிஸ்டர், மருந்தாளர், ஆலோசகர். "வெளியாள் யாரும் உள்ள வரலைன்னு வாச்மேன் சொல்றாரு. அவர் நான் டீ குடிச்ச கடைலதான் நின்னாரு. கண்ணு முழுக்கக் கதவு மேலதான்."

சப்-இன்ஸ்பெக்டர் நால்வரையும் பார்த்தாள். நால்வரும் அவளைப் பார்க்காமல் வேறெங்கோ பார்த்தார்கள். அவர்கள் பார்க்காமல் இருப்பது யாருக்காக என்று அவளுக்குத் தெரியும். ஒரு போலீஸ்காரிக்கு இதைவிடச் சங்கடமான விசாரணை இருக்க முடியாது.

முதலில் டாக்டரம்மா. தூக்கம் கெட்ட கண்கள். கொண்டையிலிருந்து பிரிந்த முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே பேசினாள்.

"சர்வே முடிவு எப்படி வந்தா உங்களுக்கு நஷ்டம் டாக்டர்?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டாள்.

"எனக்கு நஷ்டம் இல்ல. ட்ரான்ஸ்ஃபர்தான். நிம்மதியாப் போயிடுவேன்." சிரிக்க முயன்று விட்டுவிட்டாள். "ஆனா போன வாரம் மேலிடத்துலேர்ந்து சொன்னாங்க. குறை சொல்றவங்க அதிகமா இருந்தா, இந்தப் பின்கட்டை மூடிட்டுப் பெரிய கட்டடத்துல பொது வரிசையோட சேத்துடுவாங்களாம். 'தரம் உயர்த்தறது'ன்னு அதுக்குப் பேர்."

"இது பேஷண்ட்டுங்களுக்குத் தெரியுமா?"

"சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. எங்க நாலு பேருக்கு மட்டும்தான் தெரியும்."

பொது வரிசை. பெரிய கட்டடத்தின் அந்த வராந்தாவில் ஸ்டேஷன்காரர்களின் மனைவிமார் குழந்தைகளோடு நிற்பார்கள். நேற்று சிவப்பைப் போட்டபோது சப்-இன்ஸ்பெக்டருக்கு இது தெரியாது.

பேசிக்கொண்டே டாக்டரம்மா ஒரு நோயாளியின் சீட்டைப் பார்த்தாள். பேனாக் கிண்ணத்தில் கைவிட்டாள். நீலம், பச்சை, கறுப்பு எல்லாவற்றையும் ஒதுக்கிச் சிவப்பை எடுத்து அடிக்கோடு போட்டாள்.

அடுத்து சிஸ்டர். ரத்தம் எடுக்கும் மேசையில் வேலையை நிறுத்தாமலே பதில் சொன்னாள். கை தன்பாட்டுக்குச் சிவப்பு மூடிக் குழாய்களை ஒரு பக்கமும் பச்சை மூடிக் குழாய்களை இன்னொரு பக்கமும் அடுக்கியது.

"ஸ்டோர் சாவி எங்க இருக்கும்?"

"ஆணியில. யார் வேணா எடுக்கலாம். உள்ள என்ன இருக்கு, தங்கமா?" குரலைத் தாழ்த்தினாள். ஏட்டு தள்ளி நிற்கிறாரா என்று பார்த்துக்கொண்டாள். "நேத்து வந்துட்டுப் போனதுல ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

"இல்ல," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "வேலையைப் பாருங்க."

மருந்தாளர் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் இருந்தார். எல்லோருக்கும் அவர்மேல்தான் சந்தேகம். வாய்த்துடுக்கு. 'வரிசையில நிக்கத் தெரியாதா, கண்ணு பொடனியிலயா இருக்கு' என்று அவர் கத்தாத நாள் கிடையாது.

"சிவப்பு விழுந்தா அதுல பாதி உங்களுக்குத்தானாமே?"

"பாதியா? முழுசும் எனக்குத்தான் மேடம்." அவர் அலட்டிக்கொள்ளவில்லை. "மாத்திரை ஸ்டாக் வரலன்னா நான் என்ன வீட்டுல அரைச்சா கொண்டார முடியும்? பத்து நாளைக்குக் குடுத்துட்டு மறுபடி வாங்கன்னா, பஸ் காசு நீ தருவியான்னு கேக்கறான். நியாயம்தான். ஆனா திட்டு எனக்கு." ஜன்னலில் ஒரு கை நீண்டது. அவர் இரண்டு புட்டிகளை எடுத்து வைத்தார். "ஐயா, பச்சை மூடி காலைல. சிவப்பு மூடி ராத்திரி. மாத்தி முழுங்கிட்டு வந்து என்னைத் திட்டக்கூடாது." திரும்பி, "நான் திருடனா இருந்தா பெட்டியையே தூக்கி ஆத்துல போட்டிருப்பேன் மேடம். இப்படிப் பூ வேலையெல்லாம் எனக்கு வராது," என்றார்.

கடைசியாக ஆலோசகர்.

நடுத்தர வயது. மெலிந்த உடம்பு. மெதுவான பேச்சு. சர்வே அதிகாரியும் ஏட்டும் சப்-இன்ஸ்பெக்டரோடு அவர் அறைக்கு வந்தார்கள். சுவரோரம் நாற்காலிகள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார். அவளைப் பார்த்து, புதியவர்களுக்குச் செய்வதைப்போலக் கும்பிட்டார்.

"என்னை கவுன்சிலர்னு எழுதிடாதீங்க சார்," என்றார் ஏட்டிடம். "போன மாசம் ஒருத்தர் வார்டு கவுன்சிலர்னு நெனச்சு, தெருவிளக்கு எரியலன்னு அரை மணி நேரம் புகார் சொன்னாரு. நானும் முழுசாக் கேட்டுக்கிட்டேன்."

ஏட்டு சிரித்துவிட்டார்.

அப்போது ஒரு பெண் கைக்குழந்தையோடு கதவில் எட்டிப் பார்த்தாள். விசாரணை நடந்தாலும் மாத்திரை நிற்கக்கூடாது என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. ஆலோசகர் அவளை உட்காரவைத்து அட்டையை வாங்கிக்கொண்டார்.

"என்ன கலர் கார்டும்மா உங்களுது?"

"பச்சை சார்."

"பச்சையா, சந்தோஷம். புள்ள தூங்குதா ராத்திரில?" பேசிக்கொண்டே முத்திரை குத்தி மருந்து ஜன்னலுக்கு அனுப்பினார்.

பின்கட்டில் ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் பச்சை அட்டை. அவர்கள் நேராக மருந்து வாங்கப் போகலாம். இடையில் விட்டவர்களுக்குச் சிவப்பு அட்டை; அவர்களை அன்றே டாக்டரிடம் அனுப்பியாக வேண்டும். ஆலோசகரின் முத்திரை இருந்தால் மருந்து ஜன்னலில் அட்டையின் நிறத்தைப் பார்ப்பதில்லை. இதைச் சர்வே அதிகாரி ஏட்டுக்கு விளக்கினார். சப்-இன்ஸ்பெக்டருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவள் ஆலோசகரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஸ்டோர் ரூம் போகலாம்," என்று எழுந்தாள்.

ஸ்டோர் ரூம் சிறியது. ஸ்விட்சைத் தட்டியதும் குழல்விளக்கு பளிச்சென்று எரிந்தது. மூலையில் இரண்டாவது பெட்டி. அலமாரியில் இரண்டு பாலிதீன் பைகள், கண்ணாடிபோல உள்ளிருப்பது தெரியும்படி. ஒன்றில் 'பச்சை' என்றும் மற்றதில் 'சிவப்பு' என்றும் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. இரண்டிலும் பச்சை வில்லைகள்தான்.

"இதுல கை வெச்சிருக்காங்களா பாருங்க."

சர்வே அதிகாரி பைகளைத் தூக்கிப் பார்த்தார். "வெச்சிருக்காங்க மேடம். நான் ரொப்பி வெச்ச அளவு இல்ல. ரெண்டுலயும் நல்லாக் குறைஞ்சிருக்கு."

"ரெண்டுலயுமா?"

"ஆமா, ரெண்டுலயும்."

அவள் குனிந்து மூலையில் இருந்த காலிப் பெட்டியைத் தூக்கினாள். உள்ளே கலகலவென்று சத்தம் கேட்டது.

ஏட்டு, "அடப்பாவி!" என்றார்.

டாக்டரம்மாவின் அறைக்குப் பெட்டி வந்தது. நால்வரும் வந்தார்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே சாவி என்பது சர்வே அதிகாரியின் சிக்கனம். திறந்து கவிழ்த்தார். இந்த முறை மேசை சிவந்தது. ஊடே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை.

டாக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"பூட்டை யாரும் திறக்கல. பட்டையையும் யாரும் பிரிக்கல," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "நீங்க டீ குடிக்கப் போனீங்க. ஒருத்தர் ஸ்டோருக்குப் போய், காலிப் பெட்டியோட துவாரம் வழியா வில்லையைப் போட்டு ரொப்பி, திரைக்குள்ள கொண்டாந்து வெச்சாரு. அசல் பெட்டி காலிப் பெட்டி இடத்துக்குப் போயிடுச்சு. நீங்க வந்து போலிப் பெட்டிக்குப் பட்டை ஒட்டி, கையெழுத்தும் போட்டுக் குடுத்தீங்க."

சர்வே அதிகாரியின் முகம் சுருங்கியது. "யாரு மேடம்?"

"அதுக்கு அந்தப் பச்சைதான் பதில் சொல்லுது. நாலு பேருமே விவரமானவங்க. எல்லாமே பச்சையா இருந்தா சந்தேகம் வரும்னு தெரியாதா? பொய் சொல்றவங்க கொஞ்சம் உண்மையையும் கலந்துதான் சொல்வாங்க. இவரும் கலக்கத்தான் பாத்திருக்காரு. எல்லாமே பச்சையா வேணும்னா, பச்சைன்னு எழுதின பையே போதும். சிவப்புன்னு எழுதின பையில எதுக்குக் கை வெக்கணும்?"

"அதுல இருந்ததும் பச்சைதானே..." என்று தொடங்கிய மருந்தாளர் நிறுத்திக்கொண்டார்.

"பை கண்ணாடி மாதிரி இருக்கு. லைட் பளிச்சுன்னு எரியுது. கண்ணு உள்ள யாருக்கும், இதுல பச்சை இருக்குன்னு வாசல்லேர்ந்தே தெரியும். ஆனா அள்ளினவருக்குத் தெரியல. எழுதியிருந்ததை நம்பி அள்ளினாரு. அவருக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான். டாக்டர் கிண்ணத்துலேர்ந்து சிவப்புப் பேனாவைப் பொறுக்கி எடுக்கறாங்க. சிஸ்டர் குழாய் மூடியைப் பாத்துப் பிரிச்சு அடுக்கறாங்க. மருந்தாளர் கலரைச் சொல்லித்தான் மாத்திரையே குடுக்கறாரு. ஒருத்தர் மட்டும், கார்டைக் கையில வெச்சுக்கிட்டே, என்ன கலர்னு கேக்கறாரு."

எல்லோரும் ஆலோசகரைப் பார்த்தார்கள்.

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அது பேச்சுக் குடுக்கறதுக்காகக் கேக்கறது மேடம். முதல்ல சுலபமா ஒரு கேள்வி கேட்டா மனசு விட்டுப் பேசுவாங்க. எங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே அதான்."

"இது என்ன கலர்?" சர்வே அதிகாரி ஒரு வில்லையை எடுத்து நீட்டினார்.

"வேண்டாம்," என்றாள் டாக்டரம்மா கோபமாக. "பள்ளிக்கூடப் பையனை மாதிரி எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு... எட்டு வருஷமா இங்க வேலை பாக்கறாரு."

ஆலோசகர் வில்லையைப் பார்க்கவேயில்லை. "எட்டு வருஷம் மேடம். ஒரு தப்பு நடந்ததில்ல. எனக்குக் கலர் தெரியாதுன்னா கார்டு மாறியிருக்காதா? மாறினா அவங்க உயிருக்கே ஆபத்து. என்கிட்ட அப்படி ஒரு தப்பு நடந்துச்சுன்னு ஒரே ஒரு பேஷண்ட் வந்து சொல்லட்டும். நான் ஒத்துக்கறேன்."

அவர் மிரட்டவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். எந்த நோயாளியும் போலீஸ் முன்னால் வந்து பெயர் கொடுக்கமாட்டான் என்பதும் அறையில் எல்லோருக்கும் தெரியும். சர்வே அதிகாரி வில்லையை மேசையில் வைத்துவிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினாள். நெற்றியில் அதன் தடம் பதிந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன்பு, தொடர்ந்து வந்த பந்தோபஸ்து வேலையில் மூன்று வாரம் மாத்திரை எடுக்க முடியாமல் போனது. சிஸ்டர் சிவப்பு அட்டையாக மாற்றிக் கொடுத்தாள். டாக்டரைப் பார்க்க நின்றால் மத்தியான டியூட்டிக்குப் போக முடியாது. திட்டும் விழும். ஆலோசகர் அட்டையை வாங்கி, என்ன கலர்மா என்று கேட்டார். அவள் பச்சை என்றாள். அவர் சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். பார்த்தும் பார்க்காததுபோல விட்டுவிட்டார், இவ்வளவு பெரிய ஊரில் தன் களைப்பைப் புரிந்துகொண்ட ஒரே மனிதர் என்று அன்று பஸ்ஸில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். போன மாதமும் நேற்றும் மறுபடியும் அதே பொய். மறுபடியும் அதே சிரிப்பு. திரைக்குள் சிவப்பை எடுக்கும்போது இவரை நினைத்துத்தான் கை கொஞ்சம் தயங்கியது.

அது கருணை இல்லை. அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"நான் சொல்றேன் சார்," என்றாள்.

"மேடம்," என்று சிஸ்டர் குறுக்கிட்டாள். "வேண்டாம் மேடம்."

"என் கார்டு சிவப்பு சார். ரெண்டு மாசமா சிவப்பு. நான் பச்சைன்னு சொன்னேன். நீங்க சீல் போட்டு அனுப்பிட்டீங்க. நேத்தும் அப்படித்தான்."

சர்வே அதிகாரிக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் அவர் நாற்காலி அவரையறியாமல் ஓர் அங்குலம் பின்னால் நகர்ந்தது. ஏட்டு அசையவில்லை. கையில் பேனா அப்படியே நின்றது.

"எழுதுங்க ஏட்டையா," என்றாள் அவரைப் பார்க்காமல். "சாட்சி, இந்தப் பிரிவுல நாலு வருஷமா சிகிச்சை எடுக்கறவ. பேரும் பதவியும் போட்டுக்குங்க."

ஆலோசகர் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். நிமிர்ந்தபோது முதலில் கேட்டது வேறு கேள்வி.

"ரெண்டு மாசமாவா? இப்ப மாத்திரை விடாமச் சாப்பிடறீங்களாம்மா?"

"சாப்பிடறேன்."

"தலைசுத்தல், காய்ச்சல்?"

"இல்ல சார்."

"நான் பாத்திருக்கணும்," என்றார். "கேட்டா உண்மையைச் சொல்வாங்கன்னு நம்பிட்டேன். வேலைக்குச் சேரும்போதே மறைச்சேன் மேடம். கண் டெஸ்ட்ல தெரிஞ்சா எடுக்கமாட்டாங்க. சிவப்பு, பச்சை ரெண்டும் எனக்குக் காஞ்ச இலை மாதிரிதான் தெரியும். பையில எழுதியிருந்ததைப் பாத்து, அதுல கொஞ்சம், இதுல கொஞ்சம்னு போட்டேன். காலைல எல்லாம் பச்சைன்னு இவர் கத்தினப்பத்தான்..."

"எதுக்காகச் செஞ்சீங்க?"

"இதை மூடிட்டா எத்தனை பேர் பொது வரிசையில வந்து நிப்பாங்கன்னு நெனக்கறீங்க? பாதிப் பேர் மாத்திரையே வேண்டாம்னு வீட்டுல படுத்துடுவாங்க. நான் அவங்களைத் தேடித் தெருத் தெருவா அலைஞ்சவன்."

"அவங்களுக்காக மட்டும்தானா?"

அவர் யோசித்தார். "என்னுது கான்ட்ராக்ட் வேலை. பின்கட்டு போனா நானும் போயிடுவேன். ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. ரெண்டும்தான் மேடம் காரணம். எது அதிகம்னு நான் நிறுத்துப் பாக்கல."

சர்வே அதிகாரி சிவப்பு வில்லைகளை வாரிப் பெட்டியில் போடத் தொடங்கினார். "எப்படியோ அசல் கெடச்சிருச்சு. இதை எண்ணி அனுப்பிடறேன். மேல என்ன முடிவு எடுக்கறாங்களோ எடுக்கட்டும்."

"அதுல ஒரு சிவப்பு என்னோடது," என்றாள் சப்-இன்ஸ்பெக்டர். "மூடச் சொல்லி நான் போடல. அந்த பெஞ்சைத் திருப்பிப் போடச் சொல்லிப் போட்டேன். வாசலைப் பாத்துக் கெடக்குது. போறவங்க வர்றவங்க எல்லாம் முகத்தைப் பாக்கறாங்க."

"அது வில்லையில தெரியாதே மேடம்."

"அதைத்தான் சொல்றேன். மாத்திரை பத்து நாளைக்குத்தான் கெடைக்குதுன்னு ஒருத்தர் போட்டிருப்பார். இவர் கத்தறார்னு ஒருத்தர். யாரையாவது ஏன்னு கேட்டீங்களா? இன்னைக்கும் வெளிய அறுபது பேர் உக்காந்திருக்காங்க. போய்க் கேளுங்க."

மருந்தாளர் தலையைக் குனிந்துகொண்டார். சர்வே அதிகாரி முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார். எழுந்து வெளியே போனார்.

"நீங்க இப்படி வாங்க," என்றாள் டாக்டரம்மா. "சிவப்புக் கார்டை வெச்சுக்கிட்டு ரெண்டு மாசம் எனக்கு டிமிக்கி குடுத்திருக்கீங்க. ரத்தம் எடுக்காம இந்த இடத்தை விட்டுப் போகக்கூடாது."

காக்கிச் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தாள். சிஸ்டர் ஊசி குத்தும்போது ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். ரத்தத்தைப் பார்த்தால் அவருக்கு மயக்கம் வரும்.

திரும்பும் வழியில் ஜீப் சிக்னலில் நின்றபோது ஏட்டு, "அறிக்கையில உங்க பேரை எடுத்துடலாமா மேடம்? 'ஒரு சாட்சி'ன்னு போட்டாப் போதும்," என்றார்.

"வேண்டாம். சாட்சிக்குப் பேர் இல்லன்னா கேஸ் நிக்காது."

"கேஸ் நிக்கணும்னு இருக்கா உங்களுக்கு?"

சிக்னலில் பச்சை விழுந்தது; அவள் போகச் சொல்லிக் கை காட்டினாள்.

கேஸ் நிற்கவும் இல்லை. பெட்டி கிடைத்துவிட்டதென்று துறையே புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆலோசகரை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவருக்காக டாக்டரம்மா எழுதிய இரண்டு மனுக்களுக்கும் பதில் இல்லை. பச்சை அட்டையில் 'மருந்து' என்றும் சிவப்பு அட்டையில் 'டாக்டர்' என்றும் பெரிதாக அச்சடித்து வந்தது. பின்கட்டை மூடும் யோசனை பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். பெஞ்சைத் திருப்பத் துறை அனுமதி கேட்டு எழுதிப் பார்த்து அலுத்துப்போய், ஒரு மத்தியானம் சிஸ்டரும் மருந்தாளரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தாங்களே திருப்பிப் போட்டார்கள்.

ஸ்டேஷன் ரைட்டர் அவளிடம் காகிதம் நீட்டும்போது ஓரத்தைப் பிடித்து நீட்டினார். இன்ஸ்பெக்டர், உடம்பைப் பார்த்துக்கொள்ளம்மா, கொஞ்ச நாள் மேசை வேலை பார் என்றார். அக்கா மட்டும் அன்று ராத்திரி அடுப்படியில் நின்று, "ஊரைக் கூட்டிச் சொல்லிட்டு வந்திருக்கியாடி?" என்று திட்டித் தீர்த்தாள். திட்டி முடித்து, "இனி என் சேலை உனக்கு வேண்டாம்ல? எல்லாத்தையும் நைய வெச்சிருக்க," என்றாள்.

அடுத்த மாதம் அவள் யூனிபார்மிலேயே பின்கட்டுக்குப் போனாள். உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. சிலர் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். யாரைப் பிடிக்க வந்திருக்கிறாள் என்று ஒருவர் மெல்லக் கேட்டார். அவள் அட்டையை எடுத்துச் சிஸ்டரிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டாள். பிறகு கைக்குழந்தைக்காரி சற்று நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள்.

வரிசையில் யாரும் அவளை முன்னால் விடவில்லை. அவளும் கேட்கவில்லை. மூன்று மணி நேரம் ஆனது.